மோட்டார் சைக்கிள் மன்னர் மைக் ஹெயில்வுட்

1981-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ந் தேதி. சனிக்கிழமை. மாலை நேரம்.

இங்கிலாந்து நாட்டில், பர்மிங்காம் நகருக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம். அங்கே ஒரு வீட்டில் இருந்து ஒரு கார் புறப்பட்டது.

காரை ஓட்டியவருக்கு வயது 40. அவருடன் அவருடைய இரண்டு குழந்தைகள் இருந்தனர். ஒரு பெண், ஒரு பையன்.

அவர்கள் எங்கே போனார்கள்? வெகு தூரத்துக்கு அல்ல. கடைக்குப் போய், பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வரப் போனார்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை என்றால் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு அதுதான்.

அந்த மனிதரைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் மணிக்கு 140 மைலுக்கு மேல் பறந்தவர் அவர்! கல் சுவர்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் நடுவே ஓட்டி, எமனுக்கே டிமிக்கி கொடுத்தவர்! ஒன்பது முறை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனவர். மேன் தீவுப் பந்தயத்தை விட்டு 11 ஆண்டுகள் ஆன பிறகு திரும்பி வந்து, பத்தாவது பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனவர்.

அவர் பெயர் மைக் ஹெயில்வுட்.

கடைக்குப் போன அவர் வீடு திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதைப் பிறகு சொல்லுகிறோம். முதலில் அவருடைய கதையைப் படியுங்கள்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

மைக் 1940-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2-ந் தேதி பிறந்தார். ஆக்ஸ்போர்டு நகருக்குப் பக்கத்தில் உள்ள கிரேட் மில்டன் அவருடைய சொந்த ஊர்.

தந்தை ஸ்டான் ஹெயில்வுட் மோட்டார் சைக்கிள் வியாபாரி. ஒரு கடை அல்ல, பல கடைகள் நடத்திப் பெரும் பணம் சேர்த்தவர். இளமையில் தாமும் பந்தயத்தில் ஓட்டியவர்.

மற்றக் குழந்தைகள் மரக்குதிரையில் ஆடும் வயதில், மைக்குக்குச் சின்ன மோட்டார் சைக்கிள் கிடைத்தது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் அதை ஓட்டி ஓட்டிப் பழகினார்.

பையனைக் கப்பல் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தார்கள். அவருக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டார். டிரையம்ப் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார்.

1957-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ந் தேதி, ஓல்டன் பார்க் என்ற இடத்தில் முதன் முதலாகப் பந்தயத்தில் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 17. அந்தப் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்தது 11-வது இடம்!

மகனுடைய ஆசையைப் பார்த்த தந்தை பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். நல்ல வண்டிகளாகப் பார்த்து வாங்கினார். வண்டிகளைப் பழுது பார்க்க ஆட்களை வைத்தார். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் பந்தயம் கிடையாது. அதனால் மகனைத் தென் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி, அங்கே ஓட்டவைத்தார்.

அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் பலர் ஏழைகள். வேனிலேயே படுத்துத் தூங்குவார்கள். கையில் கரி படிய, தங்கள் வண்டியைத் தாங்களே பழுது பார்ப்பார்கள். அவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு செல்வப் பிள்ளை வந்தால் எப்படி இருக்கும்? அப்பா வீட்டுப் பணம் ஓடுகிறது என்ற முணுமுணுப்பு எழத்தானே செய்யும்?

ஆனால் தந்தையால் வண்டிதான் வாங்கிக் கொடுக்க முடியும். வளைவு வரும்போது அந்த வண்டியைச் சாய்க்க வேண்டியவர் மகன்!

அந்த வித்தை மைக்கின் கையில் இருந்தது. 1959-ம் ஆண்டு, வடக்கு அயர்லாந்தில் நடந்த அல்ஸ்டர் பந்தயத்தில் 125 சி.சி. பிரிவில் வெற்றி பெற்றார். உலக சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்களில் அதுவே அவருடைய முதல் வெற்றி. அப்போது அவருக்கு வயது 19.

தெருவே பந்தயப் பாதை

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதன் பெயர் மேன் தீவு. உலகத்திலேயே அபாயமான மோட்டார் சைக்கிள் பந்தயம் நடப்பது அங்கேதான். அதை டி.டி. பந்தயம் என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள்.

1907-ம் ஆண்டு அது தொடங்கியது. அப்போது இங்கிலாந்தில் மணிக்கு 20 மைலுக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. பந்தயத்துக்காகச் சாலையை மூடவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மேன் தீவுக்கோ தனிச் சட்டசபை உண்டு. அது பந்தயத்துக்காகச் சாலைகளை மூட அனுமதி கொடுத்தது.

பந்தயப் பாதை என்றதும் சுற்றிலும் புல்வெளி, அகலமான தார்ச்சாலை என்று எண்ணிவிடாதீர்கள். மற்ற நாட்களில் பால் வண்டியும் பஸ்சும் ஓடும் அதே சாலைதான். அதே சாலையில், வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். இரு பக்கமும் கல் சுவர்கள். நடுவே பாலங்கள். பிறகு ஸ்னேபல் என்ற மலையின் மேல் ஏறி இறங்க வேண்டும். மலை மேல் மூடுபனி. கீழே வெயில் அடித்தால் மேலே மழை பெய்யும்.

ஒரு சுற்று 37¾ மைல். அதில் 200-க்கு மேற்பட்ட வளைவுகள். பெரிய பந்தயத்தில் 6 சுற்றுகள். அதாவது 226 மைல்!

எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படுவது இல்லை. சில விநாடி இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராகப் புறப்படுவார்கள். யார் குறைந்த நேரத்தில் ஓட்டி முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. பக்கத்தில் எதிரி கண்ணுக்குத் தெரியமாட்டான். கடிகாரம்தான் எதிரி.

இந்தப் பாதையில் இன்று வரை 250-க்கு மேற்பட்ட வீரர்கள் உயிர் இழந்து இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாதையில் மைக் 14 முறை வெற்றி பெற்றார்!

சாயாமல் திரும்ப முடியாது

அது எப்படி முடிந்தது? அதைத் தெரிந்துகொள்ள, கொஞ்சம் விஞ்ஞானம் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும்.

சைக்கிளில் தெருமுனையில் வலது பக்கம் திரும்புகிறீர்கள். உங்கள் உடம்பும் சைக்கிளும் வலது பக்கமே சாய்கின்றன. இதை உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் நீங்கள் சாய்கிறீர்கள். ஏன்?

ஓடுகிற பொருள் நேராக ஓடத்தான் பார்க்கும். பஸ் திடீரென்று வளைந்தால், உள்ளே நிற்பவர்கள் வெளிப் பக்கம் சரிகிறார்கள் அல்லவா? அதே போல, வளைவில் திரும்பும் மோட்டார் சைக்கிளும் வெளிப் பக்கம் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்க, ஓட்டுபவர் வண்டியை உள் பக்கம் சாய்க்கிறார். சாய்ந்த வண்டியைப் பூமி கீழே இழுக்கிறது. வேகம் அதை வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டும் சரிசமமாக இருக்கும் வரையில் வண்டி விழாது. சாய்ந்தபடியே ஓடும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கு ஆனால், வெளியே தள்ளும் வேகத்தின் பலம் நாலு மடங்கு ஆகும்!

ஒருவர் வண்டியை 45 டிகிரி சாய்த்து ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேராக நிற்பதற்கும் தரையில் படுப்பதற்கும் சரி பாதி அது. 50 மைல் வேகத்தில் வந்தால், சுமார் 340 அடி அகலம் உள்ள ஒரு வட்டத்தின் ஓரமாக அவர் திரும்பிவிடலாம். 100 மைல் வேகத்தில் வந்தால் அந்த இடம் போதாது. வட்டத்தின் அகலம் 1,300 அடிக்கு மேல் வேண்டும். ஆனால் சாலை நமக்காக அகலுமா? வளைவுக்குத் தக்கபடி வேகத்தை நாம்தான் குறைக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. வேகமாகப் போகும் வண்டியை வலது பக்கம் திருப்ப வேண்டுமானால், கைப்பிடியை முதலில் ஒரு நொடி இடது பக்கம் திருப்ப வேண்டும்! அப்போது சக்கரம் இடது பக்கம் நகரும். வண்டி வலது பக்கம் சாயும். சாய்ந்த பிறகு தானாகத் திரும்பும். சைக்கிள் ஓட்டும் நாம் எல்லோரும் இதைத் தெரியாமலே செய்கிறோம். பந்தய வீரர் தெரிந்து செய்கிறார்.

இவ்வளவு பெரிய வண்டியையும் அதன் மேல் உள்ள ஆளையும் தரையோடு பிடித்து வைத்திருப்பது எது? டயர் தரையைத் தொடும் இடம்தான். அது ஒரு சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும். இரண்டு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் வீரர் தம் உயிரை ஒப்படைக்கிறார். அந்த ரப்பரின் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. பிரேக் பிடிப்பதற்கும், திரும்புவதற்கும், வேகத்தைக் கூட்டுவதற்கும் அதே பிடிப்பைத்தான் பங்கு போட வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தினால், திரும்புவதற்குப் பிடிப்பு மிச்சம் இருக்காது. வண்டி சறுக்கிவிடும்.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. தலையில் எழுதியது என்பது ஒன்று. மீறக் கூடாத சட்டம் என்பது மற்றொன்று. பந்தயத்தில் ஒருவர் இறந்தால், அவர் விதி அவ்வளவுதான் என்பார்கள். ஆனால் சக்கரம் இரண்டாவது வகை விதிக்குத்தான் கட்டுப்படும். அந்த விதி பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒன்றுதான். மைக் அதை ஏட்டில் படிக்கவில்லை. எந்திர நுணுக்கங்களில் அவருக்கு அவ்வளவு அக்கறையும் கிடையாது. ஆனால் அவருடைய உடம்புக்கு அது தெரிந்து இருந்தது.

ஒரு வாரத்தில் மூன்று வெற்றி

1961-ம் ஆண்டு ஜூன் மாதம். மைக்குக்கு வயது 21. மேன் தீவில் அந்த வாரம் நாலு பந்தயங்களில் கலந்துகொண்டார்.

125 சி.சி. பந்தயத்தில் ஹோண்டா வண்டியில் ஓட்டினார். வெற்றி! அதே நாளில் 250 சி.சி. பந்தயம். அதிலும் ஹோண்டா, அதிலும் வெற்றி! ஜப்பான் நாட்டு ஹோண்டா கம்பெனிக்கு டி.டி. பந்தயத்தில் கிடைத்த முதல் வெற்றிகள் அவை.

அடுத்தது 350 சி.சி. பந்தயம். கடைசிச் சுற்றில் மைக்தான் முன்னால் போய்க்கொண்டு இருந்தார். அப்போது பிஸ்டனில் இருந்த ஒரு சின்னப் பின் உடைந்தது. வண்டி நின்றுவிட்டது.

நாலாவது 500 சி.சி. பந்தயம். ஒற்றை சிலிண்டர் நார்ட்டன் வண்டியில் ஓட்டி, சராசரி 100 மைலுக்கு மேல் வேகம் எடுத்து வெற்றி பெற்றார். ஒரே வாரத்தில் மூன்று டி.டி. வெற்றிகள்! அதற்கு முன்பு யாரும் அப்படிச் செய்தது இல்லை.

அந்த ஆண்டே 250 சி.சி. பிரிவில் உலக சாம்பியன் ஆனார். பிறகு இத்தாலி நாட்டு எம்.வி. அகஸ்டா கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1962, 1963, 1964, 1965 ஆகிய நாலு ஆண்டுகளும் 500 சி.சி. உலக சாம்பியன் அவரே.

1964-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவில் டேட்டோனா நகரில் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓட்டி, 144 மைலுக்கு மேல் கடந்து உலக சாதனை செய்தார். அந்த வேகத்தில் காற்று ஒரு சுவர் போல எதிரே நிற்கும். அதைக் கிழித்துக்கொண்டு போக, பெட்ரோல் டாங்கின் மேல் முகத்தைப் பதித்து, ஒரு மணி நேரமும் படுத்த நிலையிலேயே இருக்க வேண்டும். அந்தச் சாதனையைச் செய்த பிறகு, அதே நாளில் பந்தயத்திலும் ஓட்டி வெற்றி பெற்றார்!

மக்கள் அவருக்கு மைக் தி பைக் என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

விழுந்தும் வென்றார்

1965-ம் ஆண்டு மேன் தீவில் 500 சி.சி. பந்தயம். அன்று மழை. சாலை எல்லாம் ஈரம். ஈரத்தில் ரப்பரின் பிடிப்புக் குறைந்துவிடும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

மைக்கின் கம்பெனியிலேயே அந்த ஆண்டு சேர்ந்த இத்தாலிய இளைஞர் ஜாகோமோ அகோஸ்தினி. இரண்டாவது சுற்றில், சாராவின் குடிசை என்று அழைக்கப்படும் வளைவில் அவர் சறுக்கி விழுந்தார். அவருக்குப் பந்தயம் முடிந்துவிட்டது.

அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு மைக் வந்தார். அவரும் சறுக்கி விழுந்தார்!

வண்டியின் முன் கண்ணாடி உடைந்தது. கைப்பிடி வளைந்தது. மைக்கின் மூக்கில் இருந்து ரத்தம் வழிந்தது. வேறு யாராக இருந்தாலும் சுவர் ஓரம் உட்கார்ந்து இருப்பார்கள். மைக் எழுந்தார். வண்டியை நிமிர்த்தினார். மீண்டும் ஓட்டினார். பெட்ரோல் போடும் இடத்துக்கு வந்து, வளைந்ததை நிமிர்த்திக்கொண்டு புறப்பட்டார். அந்தக் கோலத்திலேயே பந்தயத்தில் வெற்றியும் பெற்றார்.

அடங்காத குதிரை

1966-ம் ஆண்டு மைக் மறுபடியும் ஹோண்டாவுக்குப் போனார். 1966, 1967 இரண்டு ஆண்டுகளிலும் 250, 350 சி.சி. பட்டங்கள் அவருக்கே கிடைத்தன. ஒன்பது பட்டங்கள் ஆகிவிட்டன.

ஆனால் ஹோண்டாவின் 500 சி.சி. வண்டி அடங்காத குதிரையாக இருந்தது. அதன் எந்திரம் 80 குதிரைச் சக்திக்கு மேல் பலம் உடையது. வண்டியின் எலும்புக்கூடு போன்ற பிரேமோ அந்தப் பலத்தைத் தாங்கவில்லை. ஒரு வண்டியின் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். பிரேம் முறுக்கிக்கொண்டால் முன் சக்கரம் ஒரு பக்கம் போகும். பின் சக்கரம் இன்னொரு பக்கம் போகும். வண்டி பாம்பு போல நெளியும். 140 மைல் வேகத்தில் அப்படி நெளிந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அந்த வண்டியோடு 1967-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி மேன் தீவில் இறங்கினார். எதிரே எம்.வி. அகஸ்டா வண்டியில் அகோஸ்தினி. பழைய தோழர், இப்போது எதிரி. ஆனால் நட்புக்குக் குறைவு இல்லை.

முதல் சுற்றிலேயே அகோஸ்தினி சாதனை வேகத்தில் பறந்தார். மைக் பின்தங்கினார். இரண்டாவது சுற்றில் மைக் 20 நிமிடம் 48.8 விநாடியில் சுற்றி வந்தார். மணிக்கு 108.77 மைல். புதிய சாதனை! அந்தச் சாதனையை 1975-ம் ஆண்டு வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. வேகத்தைக் கூட்டும் கைப்பிடி கழன்று ஆடத் தொடங்கியது. பெட்ரோல் போட நின்றபோது மைக் சுத்தியலை வாங்கி, அதை அடித்து உள்ளே இறக்கினார். அது மீண்டும் ஆடியது. ஆடும் கைப்பிடியோடும் நெளியும் வண்டியோடும் துரத்தினார்.

ஐந்தாவது சுற்றில் அகோஸ்தினியின் வண்டியில் செயின் அறுந்தது. மைக் வெற்றி பெற்றார். மேன் தீவில் நடந்த பந்தயங்களிலேயே சிறந்தது இதுதான் என்று பழைய ஆட்கள் பலர் இன்றும் சொல்லுகிறார்கள்.

அடுத்த ஆண்டு ஹோண்டா கம்பெனி பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. வேறு கம்பெனிக்காக மைக் உலகப் பந்தயங்களில் ஓட்டாமல் இருக்க, இங்கிலாந்துப் பணம் 50 ஆயிரம் பவுன் கொடுத்தது. ஓட்டாமல் இருப்பதற்குச் சம்பளம்!

நெருப்புக்குள் புகுந்தார்

மைக் கார்ப் பந்தயத்துக்குப் போனார். 1972-ம் ஆண்டு பார்முலா-2 கார்ப் பந்தயத்தில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். ஆனால் கார்ப் பந்தயத்தில் அவருடைய பெயர் நிலைத்து இருப்பது பட்டத்துக்காக அல்ல.

1973-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ந் தேதி. தென் ஆப்பிரிக்காவில் கியாலாமி பந்தயம். மைக்கின் காரும், கிளே ரெகசோனி என்ற சுவிட்சர்லாந்து வீரரின் காரும் மோதிக்கொண்டன. ரெகசோனியின் கார் தீப்பிடித்தது. அவர் மயங்கிவிட்டார். இடுப்பில் கட்டிய பெல்ட்டு அவரை இருக்கையோடு பிடித்து இருந்தது.

மைக் தம் காரில் இருந்து குதித்தார். எரிகிற காருக்குள் கையை விட்டு, பெல்ட்டைக் கழற்ற முயன்றார். மைக்கின் உடையில் தீப்பிடித்தது! ஓடி வந்தார். தீயை அணைத்தார்கள். அதோடு அவர் நின்றுவிட்டாரா? இல்லை. மறுபடியும் நெருப்புக்குள் போனார். ரெகசோனியை வெளியே இழுத்துப் போட்டார்.

இந்த வீரச் செயலுக்காக இங்கிலாந்து அரசாங்கம் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. ரெகசோனி அதன் பிறகு 33 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

அடுத்த ஆண்டு, ஜெர்மனியில் நர்பர்க்ரிங் பந்தயத்தில் மைக்கின் கார் மோதி நொறுங்கியது. அவருடைய வலது கால் மிக மோசமாக முறிந்தது. அதன் பிறகு அவர் நொண்டித்தான் நடந்தார். பந்தயம் போதும் என்று நியூசிலாந்து நாட்டில் போய்க் குடியேறினார். மனைவி, இரண்டு குழந்தைகள், அமைதியான வாழ்க்கை.

11 ஆண்டுகளுக்குப் பின்

அமைதியான வாழ்க்கை எல்லோருக்கும் ஒத்துக்கொள்வது இல்லை. மைக்கின் மனம் மேன் தீவையே சுற்றியது.

இதற்குள் காலம் மாறிவிட்டது. அந்தப் பாதையில் சாவு அதிகம் என்று அகோஸ்தினி போன்ற பெரிய வீரர்கள் வர மறுத்துவிட்டார்கள். 1976-ம் ஆண்டோடு அது உலகப் பட்டத்துக்கான பெரிய பந்தயங்களின் வரிசையில் இருந்தும் நீக்கப்பட்டது. வண்டிகளும் மாறிவிட்டன. டயர்களும் மாறிவிட்டன. மாறாதவை கல் சுவர்கள் மட்டும்தான்.

1978-ம் ஆண்டு மைக் திரும்பி வருகிறார் என்ற செய்தி பரவியது. வயது 38. கால் ஊனம். மேன் தீவில் கடைசியாக ஓட்டி 11 ஆண்டுகள் ஆகிவிட்டன. இவருக்கு ஏன் இந்த வேலை என்று அவருடைய அன்பர்களே கவலைப்பட்டார்கள். ஆனாலும் பார்க்க வந்தார்கள். இளமையில் அவரைப் பார்த்தவர்கள், தங்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறி வந்தார்கள். பல்லாயிரம் பேர் சுவர் ஓரங்களில் காத்து நின்றார்கள்.

ஜூன் மாதம் 3-ந் தேதி. மைக் ஓட்டியது இத்தாலி நாட்டு டுகாட்டி வண்டி. இரண்டே சிலிண்டர். அவருடைய பெரிய எதிரி பில் ரீட். அவரும் பல முறை உலக சாம்பியன் ஆனவர். அவருக்கு நாலு சிலிண்டர் ஹோண்டா வண்டி. பலத்தில் ஹோண்டா பெரிது. ஆனால் டுகாட்டி ஒல்லியானது. உறுதியான பிரேம் உடையது. வளைவில் நெளியாது. 1967-ல் மைக்குக்குக் கிடைக்காதது, அப்போது கிடைத்தது!

ரீட் முன்னால் புறப்பட்டவர். மைக் பின்னால் புறப்பட்டவர். சுற்றுக்குச் சுற்று இடைவெளி குறைந்தது. கடைசியில் மைக் சாலையிலேயே ரீட்டைப் பிடித்துவிட்டார். இருவரும் ஒட்டிக்கொண்டு பறந்தார்கள். ரீட்டின் வண்டி ஈடு கொடுக்க முடியாமல் கெட்டுப்போய் நின்றது.

226 மைல்களை மைக் சுமார் 2 மணி 5 நிமிடத்தில் ஓட்டி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 108.51 மைல். 1967-ல், 27 வயதில், ஒரே ஒரு சுற்றில் உயிரைக் கொடுத்து எடுத்த வேகத்தை, 38 வயதில் ஆறு சுற்றுகளுக்கும் ஏறக்குறைய எடுத்துவிட்டார்! சுவர் ஓரத்தில் நின்ற பலர் அழுதுவிட்டார்கள்.

அதுதான் பத்தாவது உலகப் பட்டம்.

1979-ம் ஆண்டு மீண்டும் வந்தார். சுசுகி வண்டியில் 500 சி.சி. பந்தயத்தில் வெற்றி பெற்றார். மற்றொரு பந்தயத்தில் 226 மைல் ஓட்டியும் 3.4 விநாடியில் வெற்றியை இழந்தார். அதோடு பந்தயத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டார். பர்மிங்காம் நகரில் தோழர் ஒருவருடன் சேர்ந்து மோட்டார் சைக்கிள் கடை திறந்தார்.

அந்த மாலை

இப்போது, நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம்.

1981-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ந் தேதி. மைக் காரை ஓட்டிக்கொண்டு போனார். அது பந்தயம் அல்ல. பக்கத்தில் பிள்ளைகள்.

போகும் சாலைக்கும் வரும் சாலைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருந்தது. அந்தத் தடுப்பில் ஓர் இடைவெளி. லாரிகள் அங்கே திரும்பக் கூடாது. ஆனால் ஒரு லாரி திரும்பியது. முன்னால் சாலையை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. கார் அதில் மோதியது.

வேகத்தின் விதி அங்கேயும் அதே விதிதான். ஓடுகிற பொருள் நேராகத்தான் ஓடும். திரும்புவதற்கு இடம் வேண்டும். நிற்பதற்குத் தூரம் வேண்டும். அந்த லாரி இரண்டையும் கொடுக்கவில்லை.

அவருடைய மகள் அந்த இடத்திலேயே இறந்தாள். அவளுக்கு வயது 9. மகன் காயத்தோடு பிழைத்தான். மைக் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். 23-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. இன்னும் 10 நாள் இருந்திருந்தால் அவருக்கு 41 வயது நிறைந்திருக்கும்.

லாரி ஓட்டியவருக்குக் கோர்ட்டு விதித்த அபராதம் 100 பவுன்.

அவர் தலைவிதி அப்படி என்று சொல்லிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கல் சுவர்களும் மழையும் மூடுபனியும் நெருப்பும் செய்ய முடியாததை, திரும்பக் கூடாத இடத்தில் திரும்பிய ஒரு லாரி செய்துவிட்டது. பந்தயப் பாதையில் எல்லோருக்கும் அபாயம் தெரியும். அதனால் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். கடைக்குப் போகும் சாலையில், ஒரு நிமிடம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மேன் தீவில் பந்தயம் இன்றும் நடக்கிறது. 2023-ம் ஆண்டு ஒரு வீரர் மணிக்கு 136 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் சுற்றி வந்து சாதனை செய்தார். மைக்கின் வேகம் பழைய கணக்கு ஆகிவிட்டது. ஆனால் பாதையிலேயே மிக உயரமான இடத்துக்கு ஹெயில்வுட் உச்சி என்று அவர் பெயரைத்தான் வைத்து இருக்கிறார்கள். 1978-ல் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்கள் பேரப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, மைக்கின் கதையைச் சொல்லுகிறார்கள்.

கதையின் கடைசிப் பகுதியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.